மரத்தடியில் இரண்டு சன்னாசிகள்

ஐந்தாம் அத்தியாயம்

லில்லியன் கைப்பையைத் திறந்து மேசைமீது எடுத்து வைத்தது ஒரு பொட்டலம் தலைமுடி.

பழைய செய்தித்தாளில் மடித்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தது. துப்பறிவாளர் அபுபக்கர் அதைப் பிரித்தார். நரைத்த முடி; கத்தரித்ததல்ல, வேரோடு கழன்று வந்தது. கீழே அவருடைய அண்ணன் கடையில் ரொட்டிக்கு மாவு அடிக்கும் சத்தம் பலகைத் தரையின் இடுக்குகள் வழியே மாடியறைக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.

"எங்கப்பாவோடது," என்றாள் லில்லியன். "தெனம் காலையில தலகாணியில கெடக்கறத எடுத்துச் சேத்து வெக்கிறாரு. ஏன்பான்னு கேட்டா சிரிக்கிறாரு. பழைய முடி கொட்டுனாத்தான் புதுசு மொளைக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

"எங்கப்பாவுக்கு இருவது வருஷத்துக்கு முன்னயே கொட்டிருச்சு. இன்னும் வெயிட்டிங்லா," என்றது தட்டச்சுப் பொறிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அபுபக்கர் அந்தத் திசையைப் பார்த்தார். குரல் அடங்கியது. இருபத்திரண்டு ஆண்டு போலீஸ் உத்தியோகத்தில் அவர் சம்பாதித்தவை இரண்டு: வளையாத ஒரு முழங்கால், எளிதில் வளையாத ஒரு மனம். முழங்காலின் பொருட்டுக் கார் ஓட்டவும், மனத்தின் பொருட்டு அவ்வப்போது அதைக் குத்திப் பார்க்கவும் அவர் வைத்திருந்த உதவியாளர்தான் முரியல். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதுவரை தாயோடு பால்மரம் சீவியவள். அவள் வாயைக் கட்டிப்போடும் கயிறு கோலசிலாங்கூர்ச் சந்தையில் விற்பனைக்கு வரவில்லை என்று அண்ணன் கடையில் ஒரு பேச்சு உண்டு.

"மூணாவது ஊசி எப்ப?" என்று அபுபக்கர் கேட்டார்.

"இன்னிக்கு பாய். சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டரே தோட்டத்துக்கு வந்து போடுவாரு."

சுவர்க் கடிகாரம் பதினொன்றேகாலைக் காட்டியது.

இரண்டு நாளாக அபுபக்கர் அலைந்து திரட்டியதெல்லாம் இவ்வளவுதான். லில்லியனின் தந்தை காப்ரியலுக்கு வயது அறுபத்தாறு. ஹார்ட்வெல் தோட்டத்தில் நாற்பது ஆண்டு மரம் சீவி ஓய்ந்து, இப்போது ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூண்டுக்கு ஜாகா, அதாவது காவல்காரர். ஜெராம் கடற்கரையில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து ‘நீடாயுள் நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கும் டாக்டர் ரெங்கசாமி, இந்த ஆண்டுத் தொடக்கத்தில் தோட்டத்து மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். கிழட்டு ஆடொன்றுக்கு இளம் ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஏற்றி ஓடவிட்ட படம். மனித உடம்பு தேய்வது விதியல்ல, பழுது. பழுதை நீக்கும் மருந்து வந்துவிட்டது. நூற்றிருபது வயது இனி ஆச்சரியமில்லை என்றார். ஊசி இலவசம். பதினொரு பேர் கை நீட்டினார்கள். முதல் கை காப்ரியலுடையது.

"ஓசி ஊசி," என்றாள் முரியல். "வெறும் தண்ணிய ஏத்திட்டு, அந்தப் பேர வெச்சு கோலாலம்பூர் பணக்காரங்கள வளைச்சுப் போடறாரு. அவ்வளவுதான் பாய், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க."

"தண்ணின்னு நிரூபிச்சாப் போதும்," என்றாள் லில்லியன். "அப்பா நிறுத்திருவாரு. நிரூபிக்காம நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டாரு. எங்கம்மாவுக்கு டீபி வந்தப்ப ஊசிதான் காப்பாத்துச்சு. அதுலேருந்து அவருக்கு ஊசின்னா நற்கருணை மாதிரி."

அபுபக்கர் மறுக்கவில்லை. அவருடைய தாயார் பெற்ற ஒன்பதில் ஐந்தைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. கால்வாய் வெட்டி, கொசுவுக்கு மருந்தடித்து, கொய்னா மாத்திரை கொடுத்து, அம்மை குத்தி, ஒரே தலைமுறைக்குள் மனித ஆயுள் நீண்டதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. ஊசி இவர்களிடம் ஒருமுறையும் பொய் சொன்னதில்லை. இருபது ஆண்டு கூட்டிக் கொடுத்த கை இன்னும் முப்பது கூட்டாதா என்று ஒரு கிழவர் நம்பினால், அதை மடமை என்று தள்ளிவிட அவரால் முடியவில்லை.

"ஒரு கேள்வி கேப்பேன், கோவிச்சுக்காதம்மா. உங்கப்பாவுக்கு எதுக்கு அவ்வளவு வருஷம்?"

லில்லியன் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

"எங்கண்ணன் ராஃபேலுக்காக. முப்பத்துநாலு வயசு. பொறந்ததுலேருந்து நடக்க மாட்டான், பேச மாட்டான். ஊட்டுனாத்தான் சாப்பிடுவான். எங்கம்மா போனப்பறம் எல்லாம் அப்பாதான். ‘எனக்கு நூறு வருஷம் வேண்டாம், அவனுக்கு அப்புறம் ஒரே ஒரு நாள் இருந்தாப் போதும்’னு சொல்றாரு."

"உன்ன ஜெராம்லதானே கட்டிக் குடுத்திருக்கு? உன் வீட்ல..."

"என் வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "அவங்கம்மாவும்."

அபுபக்கர் நீடாயுள் நிலையத்தின் விளம்பரத் தாளை விரித்தார். வழுவழுப்பான தாளில் இரண்டு முகங்கள். இடப்பக்கம் கன்னம் ஒட்டி, தலை முழுக்க வழுக்கையாகி, கண் குழிவிழுந்த ஒரு கிழவர்: ‘சிகிச்சைக்கு முன், சன்னாசி, வயது 71, ஆண்டு 1984.’ வலப்பக்கம் அதே மூக்கு, அதே காதுமடல். ஆனால் சதைப்பிடித்த கன்னம், தலை நிறைய முடி, ஒரு புன்னகை: ‘சிகிச்சைக்குப் பின், வயது 73, ஆண்டு 1986.’

"இந்தச் சன்னாசியப் பிடிச்சாப் போதும்," என்றார். "ஆனா பிடிக்க முடியல. அவரு இருந்தது சுங்கை ஆயர் தாவார் பக்கம், உள்ள ஒரு தோட்டம். போன வருஷம் ரப்பர் மரத்தையெல்லாம் சாய்ச்சு எண்ணெய்ச் செம்பனை நட்டுட்டாங்க. தொழிலாளிங்க குடியிருந்த லயத்த இடிச்சாச்சு. ஆளுங்க மூலைக்கொருத்தரா போயிட்டாங்க. சன்னாசி இந்தியாவுக்கே திரும்பிட்டாருன்னு டாக்டர் சொல்றாரு. சொந்தபந்தம்னு யாரும் இல்ல."

"வசதியான சாட்சி," என்றாள் முரியல். "கேக்கற கேள்விக்கு எதிர்க் கேள்வி கேக்க மாட்டாரு."

அபுபக்கர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பிறகு எழுந்து, சுவரில் தொங்கிய தம் மகளின் நிக்காஹ் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் இடக்கன்னத்தில் நகக்கீறல் போல வெள்ளையாய் ஒரு மெல்லிய கோடு. சன்னாசியின் இரண்டு முகங்களிலும், இடக்கன்னத்தில், அதே கோடு.

"முரியல், என் மருமகனும் இந்தச் சன்னாசியும் ஒரே பூனைகிட்ட பிறாண்டு வாங்கியிருக்க முடியுமா?"

முரியல் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "பூன இல்ல பாய். மஸ்தான் ஸ்டுடியோ! படம் பெருசாக்கற மெஷின்ல கண்ணாடி கீறிப் பத்து வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல கல்யாணம் பண்ண எல்லா மாப்பிள்ளைக்கும் கன்னத்துல அடி."

பத்து நிமிடத்தில் மூவரும் மஸ்தானின் இருட்டறை வாசலில் நின்றார்கள். புகைப்படக்காரர் மஸ்தான் விளம்பரத் தாளைப் பார்த்ததும் தலையசைத்தார்.

"நான் எடுத்த படம் இல்ல பாய். டாக்டரே எடுத்து, கோலாலம்பூர்ல கழுவி, ரெண்டு நெகட்டிவையும் ஒரே நாள்ல கொண்டாந்தாரு. பெருசாக்கிக் குடுக்கச் சொன்னாரு. எது எப்ப எடுத்ததுன்னு எனக்குத் தெரியாது. நெகட்டிவ் இங்கதான் கெடக்கு, அவர் வந்து வாங்கவே இல்ல."

"அவர் வேற ஏதாச்சும் சொன்னாரா?"

"மரம் வேண்டாம், மூஞ்சி மட்டும் போதும்னாரு. ரப்பர் மரத்தடியில நிக்க வெச்சு எடுத்த முழுப் படம். நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

"வெட்டாம ஒரு தடவ போட்டுக் குடுங்க."

சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தட்டில் மிதந்த வெள்ளைத் தாளில் முதலில் ஒரு கருமை பரவி அடிமரமாகியது. மனிதன் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். இரண்டாம் தாளிலும் அப்படியே. வெளிச்சத்துக்கு வந்ததும் அபுபக்கர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அவற்றின்மேல் குனிந்தார். அரை மணி நேரம் நிமிரவில்லை. லில்லியன் வாசற்படியில் நின்று கடிகாரத்தையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"ஒரே ஆள்தான். காதுமடல், நெத்தித் தழும்பு, விரல் வளைவு, எல்லாம் ஒண்ணு. ஒட்டு வேல இல்ல. ஒரே மரம், பாரு, நாய் மூஞ்சி மாதிரி முடிச்சு ரெண்டுலயும் இருக்கு. ஒரே எடத்துல நின்னு எடுத்திருக்காரு. ஆராய்ச்சிக்காரன் ஒழுங்கு." அவர் கண்ணாடியை மடித்தார். "லில்லியன், நான் உனக்குப் பொய் சொல்லக்கூடாது. வழுக்கையா இருந்த மனுஷனுக்கு முடி மொளச்சிருக்கு. எப்பிடின்னு எனக்குத் தெரியல. ஆனா மொளச்சிருக்கு."

மணி இரண்டு அடித்தது.

முரியல் ஈரப் படங்களை எடுத்துக் காயப்போடும் கம்பியில் கவ்விகளால் மாட்டினாள். முதலில் முடியுள்ள சன்னாசி. அடுத்து வழுக்கைச் சன்னாசி.

"மாத்தித் தொங்கப் போட்டுட்ட," என்றார் அபுபக்கர்.

"இல்ல பாய்." அவள் குரலில் வழக்கமான குறும்பு இல்லை, அது இல்லாததாலேயே அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் மாத்தி வெச்சிருந்தீங்க."

"என்ன சொல்ற?"

"நீங்க ஆளையே பாக்குறீங்க. மரத்தப் பாருங்க." அவள் சுட்டுவிரல் ஈரத் தாளைத் தொடாமல் நின்றது. "முடி உள்ள படத்துல, பாலுக்குச் சீவுன வெட்டுக்கோடு எங்க இருக்கு? சட்டப் பாக்கெட் உயரத்துல. அதுக்குக் கீழ பட்ட தொடாம முழுசா இருக்கு. வழுக்கப் படத்துல? இடுப்புக்கும் கீழ எறங்கிருச்சு. நெஞ்சுலேருந்து இடுப்பு வரைக்கும் சீவி முடிச்சாச்சு. மங்கும் கூடவே எறங்கியிருக்கு."

மங்கு என்பது பால் வடிந்து விழும் சிறு கிண்ணம் என்பது அபுபக்கருக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது, அவர் கடைத்தெருவில் வளர்ந்தவர்.

"அதனால?"

"மரத்த மேலேருந்து கீழதான் சீவுவாங்க பாய். ஒருநாள் விட்டு ஒருநாள், நூல் கனத்துக்குப் பட்ட. கோடு எறங்கிக்கிட்டே போகும். ஏறாது."

"கீழ வரைக்கும் சீவி முடிச்சிட்டு, மறுபடி மேல ஆரம்பிச்சிருக்கலாம்ல?"

"ஆரம்பிப்பாங்க, மரத்தோட மறுபக்கத்துல. சீவுன எடத்துல புதுப் பட்ட கட்ட ஏழெட்டு வருஷம் ஆகும். ரெண்டு வருஷத்துல இந்த மாதிரி முழுசா வராது. கடவுளே வந்து ஊசி போட்டாலும் வராது." அவள் மூச்சு வாங்கினாள். "சதபிடிச்சு சிரிக்கிறாரே, அது மொத படம். ஒட்டிப்போயி நிக்கிறாரே, அது ரெண்டாவது."

ஒரு படத்தின் நடுவில் எதை வைக்க வேண்டும் என்பதை எடுப்பவன் முடிவு செய்கிறான். ஓரத்தில் என்ன வந்து நிற்கிறது என்பது அவன் கையில் இல்லை. முகத்தைப் பார்த்தே பழகிய டாக்டர் ஓரத்தை வெட்டச் சொன்னது, அது எதையாவது சொல்லிவிடும் என்று அஞ்சி அல்ல. அது எதையும் சொல்லாது என்று எண்ணித்தான். அபுபக்கரும் இப்போதுதான் அதே பிழையைச் செய்து முடித்திருந்தார்.

லில்லியனுக்குப் புரிவதற்கு இன்னும் ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே அந்தப் பொட்டலம் இருந்தது.

"அப்ப... தண்ணி இல்லையா?"

"இல்லம்மா," என்றார் அபுபக்கர். "தண்ணியா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

மஸ்தானின் தொலைபேசியில் முரியல் போலீஸ் நிலையத்தை அழைத்தாள். அபுபக்கரிடம் வேலை பழகிய இனாயத்துல்லா இப்போது அங்கே சார்ஜென்ட். "பாய் உங்கள டீ குடிக்கக் கூப்பிடறாரு சார்ஜன். ஹார்ட்வெல் தோட்டத்துல. நாலு மணிக்கு முன்னால. யூனிஃபார்ம் வேண்டாம், விலங்கு கொண்டாங்க."

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அவர்களுடைய பழைய டட்சன் லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்றது. காப்ரியல் வாசல் நாற்காலியில் அமர்ந்து, மடியில் சாய்ந்திருந்த மகனின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு வயது ராஃபேலின் கால்கள் குழந்தையின் கால்களைப் போல மெலிந்திருந்தன. தந்தையின் தலையில் ஒரு கம்பளித் தொப்பி. ஜூலை வெயிலில் கம்பளித் தொப்பி.

"வாங்க பாய், வாங்க. லில்லி சொல்லிச்சா? வேண்டாம்னு சொல்ல வந்திருப்பீங்க." அவர் சிரித்தார். "வந்ததுதான் வந்தீங்க, டாக்டரையும் பாத்துட்டுப் போங்க. நீங்களும் ஒண்ணு போட்டுக்கலாம், முழங்காலுக்கு."

"அங்கிள், உங்களையும் டாக்டர் படம் எடுத்தாரா?" என்று முரியல் கேட்டாள்.

"எடுத்தாரே. மொத ஊசி போட்ட அன்னிக்கே. எல்லாரையும் அப்பிடித்தான், ஊசி போட்டுட்டு நேரா மரத்தடிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி நிக்க வெப்பாரு. மறுபடி அதே எடத்துல எடுக்கணும், மரத்த ஞாபகம் வெச்சுக்கன்னு சொன்னாரு."

அபுபக்கர் எவ்வளவோ பேச்சுகளை வழியெல்லாம் மனத்துக்குள் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. இரண்டு படங்களையும் கிழவரின் கையில் கொடுத்தார், எது முதல் என்று சொல்லாமலே.

நாற்பது ஆண்டு மரம் சீவிய கண்கள் சன்னாசியைப் பார்க்கவே இல்லை. நேரே மரத்துக்குப் போயின. முடியுள்ள படத்தை மேலேயும் வழுக்கைப் படத்தைக் கீழேயும் மாற்றி வைத்துக்கொண்டார். ராஃபேலின் தலை சரிந்தது. படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அதை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கு வருவாரு?" என்று கடைசியில் கேட்டார், அறியாதவர்போல.

"நாலுக்கு."

"நீங்கல்லாம் உள்ள இருங்க. அவர் ஊசிய எடுக்கட்டும். எடுக்காம பையில இருந்தா, சும்மா ஒடம்பப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயிருவாரு."

"அப்பா, வேண்டாம்பா..."

"உள்ள போ லில்லி. அண்ணனுக்குக் கஞ்சி சூடு பண்ணு."

முரியல் டட்சனை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்வாசல் வழியே வந்த இனாயத்துல்லா சமையலறைக்குள் ஏற்கெனவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்வாசலில் கார் கதவு மூடும் ஒலி கேட்டது. கதவிடுக்கு வழியே அபுபக்கர் பார்த்தார்: வெளுத்த சட்டை, தோல் பை, களைத்த ஆனால் கனிவான முகம். டாக்டர் ரெங்கசாமி பார்ப்பதற்குக் கொடியவராக இல்லை. ராஃபேலின் கன்னத்தைத் தட்டினார். காப்ரியலின் நாடியைப் பிடித்து, தொப்பியைத் தூக்கிப் பார்த்து, ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா போய்க்கிட்டு இருக்கு காப்ரியல். கைய நீட்டுங்க."

காப்ரியல் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். மருந்துக் குப்பியின் மூடியில் ஊசி ஏறியது. மஞ்சள் நிறத் திரவம் குழலுக்குள் வந்தது.

அபுபக்கர் முழங்காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். முழுப் படங்கள் இரண்டையும் பையின்மேல் வைத்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். இதுல எது முதல்ல எடுத்தது?"

டாக்டரின் கண்கள் படத்திலிருந்து சமையலறை வாசலுக்குப் போயின. இனாயத்துல்லா அங்கே நின்றார். டாக்டரின் குரல் மட்டும் பதறவில்லை. "வழுக்கையா இருக்கறது முதல்ல. விளம்பரத் தாள்லயே போட்டிருக்கே. நீங்க யாரு?"

"இல்ல டாக்டர்," என்றார் காப்ரியல். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. "வெட்டு கீழேருந்து மேல ஏறாது. நீங்க பெரிய படிப்புப் படிச்சவரு. ஆனா அந்த மரத்தடியில ரெண்டு தடவ போயி நின்னிருக்கீங்க, ஒரு தடவயாவது மரத்தப் பாத்திருக்கலாம்."

வெயிலில் காய்ந்த புகைக்கூண்டின் நெடி வாசலெங்கும் பரவியிருந்தது. டாக்டர் ஊசியை மெல்லக் கீழே இறக்கினார்.

"சன்னாசி எங்க?" என்றார் அபுபக்கர்.

வந்தது வேறு கேள்விக்கான பதில். "அம்மை குத்தறது முதல்ல ஆரம்பிச்சப்பவும் செத்தாங்க. அதச் சொல்லி யாராவது நிறுத்தியிருந்தா இன்னிக்கு நீங்க நானெல்லாம் இருப்பமா? அளவுதான் தப்பு. மருந்து தப்பில்ல. யாராவது முதல்ல இருக்கணும். இன்னும் ஐம்பது வருஷத்துல நூத்திருபது வயசு வரைக்கும் வாழப்போறவங்க..."

"சன்னாசிகிட்ட இதச் சொல்லிக் கேட்டீங்களா?" என்றாள் முரியல். "சொல்லாம, செத்த மனுஷனப் பொழச்ச மாதிரி மாத்தி ஒட்டி, எங்காளுங்ககிட்ட காட்டுனீங்க."

"காட்டலேன்னா வருவாங்களா?" என்று டாக்டர் கேட்டார். அது திமிரல்ல; உண்மையிலேயே விடை தெரியாதவரின் கேள்வி. அதுதான் அபுபக்கரை அதிகம் அச்சுறுத்தியது.

"எனக்கு நூத்திருவது வேண்டாம் டாக்டர்," என்றார் காப்ரியல். "இவனுக்கு அப்புறம் ஒரு நாள்தான் கேட்டேன்."

இனாயத்துல்லா குப்பியையும் நோட்டையும் ஊசியையும் ஒரு துண்டில் சுற்றினார். விலங்கு மாட்டும் ஓசை சிறிதாகத்தான் கேட்டது. டாக்டரை ஏற்றிய கார் புறப்பட்டுப் போன பின்பும் லயத்து மக்கள் வாசல்களில் அப்படியே நின்றார்கள். அவர்களில் கை நீட்டிய மற்றப் பத்துப் பேரும் இருந்தார்கள். ஒரு பெண் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

காப்ரியல் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானை மாட்டி, ஒரு தீக்குச்சி கேட்டார். முரியல் கொடுத்தாள். படத்தில் மங்கின் வாயளவைக் குச்சியில் நகத்தால் குறித்தார். "மங்கு வாய் அஞ்சு இன்ச்," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நாய்முக முடிச்சிலிருந்து வெட்டுக்கோடு வரை ஒரு படத்தில் அளந்தார். அடுத்ததிலும் அதே போல். உதடுகள் அசைந்தன.

"பத்தர இன்ச் எறங்கியிருக்கு. மாசத்துக்கு முக்கா இன்ச்சுக்கு மேல சீவுனா மேற்பார்க்கிற எந்த மண்டோரும் விட மாட்டான்." குச்சியைக் கீழே வைத்தார். "பதினாலு மாசம். மொத ஊசியிலேருந்து இந்த நெலைக்குப் பதினாலு மாசம்."

அவர் எதைக் கணக்கிடுகிறார் என்று முரியலுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு மொத ஊசி போட்டது பெப்ரவரி," என்றார் காப்ரியல். "இது ஜூலை. அஞ்சு போச்சு."

"அப்பிடிக் கணக்குப் போடக்கூடாது காப்ரியல்," என்றார் அபுபக்கர். தம் குரல் தமக்கே பொய்யாகக் கேட்டது. "அவருக்கு எத்தன ஊசி போட்டாங்கன்னு நமக்குத் தெரியாது. உங்களுக்கு ரெண்டுதான். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், எல்லாரையும் கூட்டிக்கிட்டு. நிறுத்திட்டா திரும்பலாம். யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது," என்று கிழவர் ஒப்புக்கொண்டார். "போவோம் பாய். ஆனா மிச்சம் ஒம்பது மாசம்னு வெச்சுக்கிட்டுத்தான் வேலையப் பாக்கணும். கூட வந்தா லாபம்."

லில்லியன் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எவரும் கவனிக்கவில்லை. கஞ்சியில் ஆவி அடங்கியிருந்தது. வழக்கம்போல அதை வாங்கக் கை நீட்டிய காப்ரியல், பாதியில் நிறுத்தினார். நாற்காலியிலிருந்து எழுந்தார். ராஃபேலைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"உக்காரு."

"அப்பா, நான் எப்பிடி... அவரு ஒத்துக்கணுமே..."

"அத அப்புறம் பேசலாம். இப்ப உக்காரு. கரண்டிய நேரா வாயில வெக்கக்கூடாது, பயந்துருவான். மொதல்ல தாடைக்குக் கீழ தடவணும், மேலேருந்து கீழ. அப்பத்தான் முழுங்குவான்."

லில்லியன் முரியலைப் பார்த்தாள். அபுபக்கரைப் பார்த்தாள். அவர் சுவரில் கையூன்றி, தம் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தமையனின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, மேலிருந்து கீழே, மெதுவாகத் தடவினாள்.

ராஃபேல் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ," என்றார் காப்ரியல்.